பொறுப்பேற்கும் முன் எண்ணிப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் பணி நியமன ஆணை. குரூப் 4 எழுதி, தரவரிசை வந்து, சென்னையில் கலந்தாய்வும் முடிந்து, மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் காலை சேர வேண்டும். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்ததும் அக்கா மகள் கேட்டாள்.

"மாமா, பரீட்சைக்கு என்ன படிக்கணும்னு சொல்ல ஊர் முழுக்க ஆள் இருந்தாங்க. உள்ளே போனா எப்படி நடந்துக்கணும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லலையே?"

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். அவளுக்குச் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இந்த வருடம் அரசு வேலையில் சேரப்போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

முதல் நாளில் இருந்தே தொடங்குவோம். அரசு அலுவலகம் காலை 10 மணிக்குத் தொடங்கும், மாலை 5.45-க்கு முடியும். நீங்கள் ஒன்பதரைக்கே அங்கே இருங்கள். முதல் நாள் நீங்கள் கொடுக்க வேண்டிய காகிதம் பணியேற்பு அறிக்கை. எந்த ஆணைப்படி, எந்தத் தேதியில், முற்பகலா பிற்பகலா, எந்தப் பணியிடத்தில் சேர்கிறேன் என்பதை நாலு வரியில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. 'முற்பகல்' என்ற சொல்லை மறக்காமல் எழுதுங்கள். அசல் சான்றிதழ்கள், அவற்றின் நகல்கள், உடற்தகுதிச் சான்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டுபோங்கள். கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பணிவரன்முறை செய்யவும் தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை பெறவும் உங்கள் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைக் கேட்டு எழுதுவார்கள். அன்றைக்குக் காகிதத்தைத் தேடி அலையக் கூடாது.

சேர்ந்த சில நாளில் உங்களுக்கென்று ஒரு பணிப்பதிவேடு திறப்பார்கள். எஸ்.ஆர். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதன் முதல் பக்கத்தில் உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், உயரம் எல்லாம் இருக்கும். இடது கையின் ஐந்து விரல் ரேகையும் பதிவாகும். அந்தப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்கும்போது அவசரப்படாமல் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயரின் முதலெழுத்து மாறியிருக்கலாம், பிறந்த தேதியில் ஓர் எண் பிசகியிருக்கலாம். பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதென்றால் வேலையில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு வழியில்லை. முப்பது வருடம் கழித்து ஓய்வூதியத் தாள்களை எடுக்கும்போது இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

"சரி மாமா, காகிதம் புரிஞ்சது. மனுஷங்க?" என்றாள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பவர் அலுவலக உதவியாளராகத்தான் இருப்பார். அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த ரேக்கில் இருக்கிறது, எந்த அதிகாரி எப்போது கையெழுத்துப் போடுவார், எந்த பீரோவின் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்காக மட்டும் மரியாதை கொடுக்கச் சொல்லவில்லை. உங்களைவிட இருபது வருடம் அதிகமாக அந்தக் கட்டடத்தில் உழைத்தவர் அவர். தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர் எல்லோருக்கும் இதே மரியாதைதான். நீங்கள் பரீட்சை எழுதி வந்தவர் என்பதற்காக வயதில் மூத்தவரை 'நீ, வா, போ' என்று பேசினால், அது அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மேலதிகாரிகளையும் உடன் வேலை செய்பவர்களையும் முதலில் 'சார்', 'மேடம்' என்றே அழையுங்கள். அண்ணே, அக்கா எல்லாம் அவர்களே அழைக்கச் சொன்ன பிறகு போதும். காலியாக இருக்கிறதே என்று எந்த நாற்காலியிலும் உட்காராதீர்கள். அது விடுப்பில் இருப்பவருடையதாக இருக்கும். இடம் காட்டும்வரை நிற்பதில் குறைவொன்றும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். இதை அவளிடம் சொல்லும்போது டீ ஆறிப்போனது.

உங்களுக்கு ஒரு பிரிவு ஒதுக்குவார்கள். 'அ1', 'ஆ3' என்று அதற்கு ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்த இருக்கையில் முன்பு இருந்தவர் மாறுதலில் போகும்போது, கோப்புகளைப் பட்டியல் போட்டு உங்களிடம் ஒப்படைப்பார். சார்ஜ் லிஸ்ட் என்பார்கள். நான் முதன்முதலில் சேர்ந்தது ஒரு வட்டாட்சியர் அலுவலகம். எனக்குப் பொறுப்புக் கொடுத்தவருக்கு அன்று மூன்று மணிக்கு பஸ். "தம்பி, எல்லாம் பீரோவுல இருக்கு. லிஸ்ட் இதோ இருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். பட்டியலில் நூற்று நாற்பதுக்கு மேல் கோப்புகள். மூத்தவரை நிறுத்திவைத்து எண்ணிப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். அவர் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஓர் அம்மா வந்தார். ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை கேட்டு மனுக் கொடுத்திருந்தவர். மனு என்னவாயிற்று என்று கேட்டார். பட்டியலில் அந்தக் கோப்பின் எண் இருந்தது. பீரோவில் கோப்பு இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றேன். அடுத்த வாரம் வந்தார். அதே பதிலைச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான்காவது தடவை வந்தபோது அவர் கோபப்படவில்லை. "ஐயா, இங்க வர்ற அன்னிக்குக் களையெடுக்கப் போக முடியலை. கூலி போயிடுது. எந்த நாள்னு சரியா சொன்னீங்கன்னா அன்னிக்கே வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார். சேலைத் தலைப்பில் பஸ் காசை முடிந்து வைத்திருந்தார்.

அன்று மாலை துணை வட்டாட்சியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு பேரை அனுப்பி பீரோவிலிருந்த எல்லாக் கட்டுகளையும் பிரிக்கச் சொன்னார். வேறொரு கோப்போடு சேர்த்து டேக் போட்டுக் கட்டப்பட்டிருந்தது அந்த அம்மாவின் மனு. அரை மணி நேர வேலைதான். ஆனால் உத்தரவு அந்த அம்மா கைக்குப் போவது இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. துணை வட்டாட்சியர் கடைசியாக ஒன்று சொன்னார்: "முதல் நாளே எண்ணிப் பார்த்து, இது இல்லைன்னு எழுதி வாங்கியிருந்தா அது அவர் தப்பு. கையெழுத்துப் போட்டுட்டு மூணு வாரம் மறைச்சதால, இது உன் தப்பு."

அக்கா மகளிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். பொறுப்பேற்கும்போது ஒவ்வொரு கோப்பையும் கையில் எடுத்து, எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பார். எத்தனை மணி நேரம் ஆனாலும் பார். இல்லாததை 'இல்லை' என்று பட்டியலிலேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கு. "தப்பா எடுத்துக்காதீங்க சார், நான் புதுசு, எனக்குத் தெரிஞ்சுக்கணும்" என்று பணிவாகச் சொன்னால் எந்த மூத்தவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருவேளை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தக் கோபத்தின் ஆயுள் ஒரு நாள்தான்.

"தெரியலைன்னு சொன்னா, இதுகூடத் தெரியாம எப்படிப் பாஸ் பண்ணினேன்னு கேட்பாங்களே மாமா?"

கேட்கட்டும். நீ எழுதிய பரீட்சையில் தமிழும் பொது அறிவும் கணக்கும்தான் இருந்தன, தபால் எப்படிக் கோப்பாகிறது என்பது அதில் இல்லை. அது தெரியாமல் வருவது இயல்பு. ஒரு மாதம்வரை தெரியாது என்று சொன்னால் எல்லோரும் சொல்லித் தருவார்கள். தெரிந்த மாதிரி ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் பிறகு கேட்பதுதான் கஷ்டம். நான் பயந்து மறைத்த மூன்று வாரமும் இந்த வெட்கத்தால் வந்ததுதான்.

தபால் கோப்பாகும் அந்தப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை மாகாணக் காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த டாட்டன்ஹாம் என்பவர் பெயரால் அழைக்கப்படும் அலுவலக நடைமுறைதான் இன்றும் அடித்தளம். வெளியிலிருந்து வரும் தபாலை அதிகாரி பார்த்துத் தேதியோடு சுருக்கொப்பம் இடுவார். பகிர்மானப் பதிவேட்டில் ஏறியதும் அதற்கு ஒரு நடப்பு எண் கிடைக்கும். அரசுக் கடிதத்தின் தலையில் 'ந.க.எண்' என்று பார்த்திருப்பீர்களே, அதுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் 'அ1' என்பது உங்கள் இருக்கை. தபால் உங்கள் மேசைக்கு வந்ததும் தன்பதிவேட்டில் எழுத வேண்டும். யாரிடமிருந்து வந்தது, எதைப் பற்றியது, எப்போது வந்தது, எப்போது மேலே அனுப்பினீர்கள், எப்போது திரும்பியது, எப்படி முடிந்தது என்று ஒரு மனுவின் முழு வரலாறும் அந்த ஒரு பதிவேட்டில் இருக்கும்.

பிறகு குறிப்பு எழுத வேண்டும். மனுவில் என்ன கேட்கிறார்கள், விதி என்ன சொல்கிறது, முன்பு இதுபோல் வந்தபோது என்ன செய்தோம், இப்போது என்ன செய்யலாம் என்ற நான்கும் அந்த வரிசையில் வந்தால் நல்ல குறிப்பு. அதிகாரி ஒப்புக்கொண்டால் வரைவு, அது சரியென்றால் தூய நகல், கையெழுத்து, பிறகு டெஸ்பாட்ச். வேலை முடிந்த கோப்பும் அத்தோடு முடிந்துவிடாது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். எத்தனை காலம் பதிவறையில் இருக்க வேண்டும் என்பதை அந்த எழுத்துகள் சொல்கின்றன. இப்போது பல அலுவலகங்களில் கோப்பு கணினியில் நகர்கிறது, விடுப்பு விண்ணப்பம் 'களஞ்சியம்' வழியாகப் போகிறது. திரை மாறினாலும் நடை இதேதான்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு தடவை கேட்டதை எழுதிவையுங்கள், அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் சொல்லித் தருபவருக்குச் சலிப்பு வரும். கேட்கும் நேரமும் முக்கியம். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நாட்களில் கணக்குப் பிரிவில் போய் நிற்காதீர்கள். அதிகாரி ஆய்வுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது கோப்பை நீட்டாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகச் சொல்வார்கள். போய் நின்றதும் "இது எப்படி செய்யணும்?" என்று கேட்பதைவிட, பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, "போன வருஷம் இப்படிச் செஞ்சிருக்காங்க, இதையும் அப்படியே எழுதலாமா?" என்று கேளுங்கள். ஸ்டாக் ஃபைல் எங்கே என்று கேட்டு, உங்கள் பொருள் பற்றிய அரசாணைகளைத் தினமும் இரண்டு படியுங்கள். ஆறு மாதத்தில் உங்களிடம் மற்றவர்கள் கேட்பார்கள்.

அடுத்து, நாக்கு. எல்லா அலுவலகத்திலும் இரண்டு மூன்று குழு இருக்கும். சேர்ந்த முதல் வாரமே ஒருவர் டீக்கு அழைத்துப்போய் இன்னொருவரைப் பற்றிச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டாதீர்கள், திருப்பிச் சொல்லாதீர்கள். "எந்த ஊரு?" என்று தொடங்கி, "அங்க எந்தத் தெரு?" என்று நீளும் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். ஊரைச் சொல்லுங்கள், தெருவைச் சொல்ல வேண்டியதில்லை. "எல்லாம் பக்கத்துலதான் சார்" என்று சிரித்துவிட்டுக் கோப்பைத் திறங்கள். சாதியை வைத்துச் சேரும் நட்பு, அதே சாதியை வைத்துப் பகையையும் கொண்டுவரும். கோப்பைக் கைப்பேசியில் படமெடுத்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். 1973-ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகளை ஒரு மாலை உட்கார்ந்து முழுவதும் படித்துவிடுங்கள். எதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும், எதைப் பற்றிப் பொதுவில் பேசக் கூடாது என்று அதில் இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. யாராவது பேச்சிலோ நடத்தையிலோ எல்லை மீறினால், புதிதாகச் சேர்ந்தவள் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் அந்த உரிமை முழுசாக உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. கஷ்டமானது ஒன்று இருக்கிறது. ஒருநாள் ஒருவர் வேலை முடிந்த சந்தோஷத்தில் ஒரு கவரை உங்கள் மேசைமேல் வைப்பார். அல்லது பிரிவில் ஒருவர், "இது உன் பங்கு" என்று ஐநூறு ரூபாயை நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போவார். இரண்டாவதுதான் ஆபத்தானது. வாங்காவிட்டால் நம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் வரும். எழுந்து நின்று, அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். "எனக்கு வேணாங்க. வேலையைச் சொல்லிக் குடுங்க, அது போதும்" என்று சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம். முதல் தடவை மறுத்தவரிடம் மூன்றாம் தடவை யாரும் நீட்ட மாட்டார்கள். முதல் தடவை வாங்கியவரால் இரண்டாம் தடவை மறுக்க முடியாது. 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தில் தொகை சிறியது என்பதற்குச் சலுகை கிடையாது. சட்டத்தைவிட நான் பெரிதாக நினைப்பது அந்தப் பணம் வந்த வழி. அது யாரோ ஒருவருடைய களையெடுப்புக் கூலி.

தகுதிகாண் பருவம் மூன்று வருடத் தொடர் காலத்துக்குள் இரண்டு வருடப் பணி. அதற்குள் பவானிசாகர் பயிற்சிக்கு அழைப்பார்கள். ஈரோடு மாவட்டத்தில், அணைக்கட்டு ஊரில் இருக்கும் அந்தப் பயிற்சி நிலையத்துக்கு வேறு வேறு துறையிலிருந்து உங்கள் வயதுப் பிள்ளைகள் வருவார்கள். தட்டிக்கழிக்காமல் போங்கள். அங்கே கிடைக்கும் நண்பர்கள் ஓய்வு பெறும்வரை சந்தேகம் கேட்க உதவுவார்கள். துறைத் தேர்வுகள் மே மாதமும் டிசம்பர் மாதமும் நடக்கும். பரீட்சை எழுதும் பழக்கம் கையில் இருக்கும்போதே எழுதி முடித்துவிடுங்கள். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு புத்தகத்தைத் திறக்க நேரம் கிடைப்பதில்லை. தேர்வு எழுதாததால் பதவி உயர்வில் பின்னால் நின்ற நல்ல ஊழியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுந்து போகும்முன் அக்கா மகள் கேட்டாள்: "இவ்வளவையும் எப்படி மாமா ஞாபகம் வெச்சுக்கறது?"

எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டாம். மேசைக்கு எதிரே ஒருவர் வந்து நின்றால் நிமிர்ந்து பார். உட்காரச் சொல். மனுவை வாங்கினால் ஒப்புகைச் சீட்டுக் கொடு. உன்னால் முடியாத வேலை என்றால் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடு. எப்போது வரலாம் என்று கேட்டால், விசாரித்துவிட்டு ஒரு தேதி சொல். அந்தத் தேதியில் நீ இருக்கையில் இரு. இதை மட்டும் செய்தால், மற்ற நடத்தையெல்லாம் தானாக வந்து சேரும்.

ஆதரவற்ற விதவைகளுக்கான அந்த உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. நாளை காலை நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கப்போகும் கட்டுக்குள் அப்படி ஒரு மனு இருக்கக்கூடும். தயவுசெய்து எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.